அவிழ்க்காத காப்பு

அன்பு மகள் கோகிலவாணிக்கு,

நல்லம்பள்ளியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தன்ஷிகா பாப்பாவும் சாமி புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கப்பலில் தலைசுற்றல் வாந்தி என்று படுக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எவனாவது கடிதம் எழுதுவானா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். போனில் பேசும்போது பாப்பா என் மடியை விட்டு இறங்குவதில்லை, உன் அம்மா பின்னால் நின்று என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருக்கிறாள், சொல்ல வேண்டியது எதையும் சொல்ல முடிவதில்லை. அரூர் சிவக்குமார் தம்பி உங்கள் கப்பலில் சமையல் வேலைக்கு ஏற வருகிறாராம், அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உன் அம்மா எள்ளுருண்டை பிடித்து ஒரு டப்பா நிறைய வைத்திருந்தாள், தின்பண்டம் எதையும் கப்பலுக்குள் விட மாட்டார்கள் என்று அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதனால் கடிதம் மட்டும் வருகிறது, உருண்டையை நானும் பாப்பாவும் தின்றுகொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் சாமந்தி பரவாயில்லை. பங்குனித் திருவிழாவுக்கு நல்ல விலை போயிற்று, இப்போது சித்திரை வெயிலில் செடி துவண்டு கிடக்கிறது, சொட்டுநீர்க் குழாயை அணில் கடித்து வைத்துவிட்டது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உன் பாஞ்சாலி அத்தை முழங்கால் வலி என்று வந்து பத்து நாள் தங்கி, ஊர் வம்பெல்லாம் பேசி முடித்ததும் வலி சரியாகி ஊருக்குப் போய்விட்டாள். அந்தப் பச்சியப்பனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. டீக்கடையில் நாலு பேரை வைத்துக்கொண்டு, பெத்த புள்ளய இங்க வுட்டுட்டு ஊரான் புள்ளைங்களுக்கு மூக்குத் தொடைக்கப் போயிருக்குது கோவிந்தன் பொண்ணு என்று சொன்னான். குடித்துக்கொண்டிருந்த டீயை அவன் காலடியில் ஊற்றிவிட்டு வந்தேன். குரு மாப்பிள்ளை விபத்தில் போன பிறகு நீ எப்படி எழுந்து நின்றாய் என்று அவனுக்கு என்ன தெரியும். இருந்தாலும் கண்ணு, அவன் சொன்னது மூன்று நாள் என் காதை விட்டுப் போகவில்லை.

பாப்பாவுக்கு மார்கழியில் அம்மை போட்டிருந்தது உனக்குத் தெரியும். அப்போது உன் அம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் வேண்டிக்கொண்டாள், பாப்பா கையாலேயே ஒரு சின்னச் சொம்பில் எடுக்கிறது என்று. பங்குனியில் திருவிழா சாட்டினார்கள், மாரியப்பன் பூசாரி எல்லோருக்கும் கட்டுவதுபோல் அவள் கையிலும் மஞ்சள் துண்டு வைத்த நூலைக் காப்பாகக் கட்டினார். கட்டும்போது குழந்தை அப்படிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பக்தியைப் பார் என்று உன் அம்மாவுக்கு ஒரே பெருமை. பால்குடத்தைச் சொட்டுச் சிந்தாமல் எடுத்து வந்தாள், நீதான் போட்டோ பார்த்தாயே. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாங்கள் சொல்லவில்லை. கடைசி நாள் மஞ்சள் நீர் ஊற்றி முடித்து எல்லோரும் வரிசையாக நின்று காப்பை அவிழ்த்தார்கள், இவள் முறை வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பூசாரி கொஞ்சிப் பார்த்தார், உன் அம்மா மிரட்டிப் பார்த்தாள், நான் தூக்கினேன், என்னைக் கடித்துவிட்டாள் கோகிலா. கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதுகொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கையில கட்டுன பேண்ட அவுத்துட்டா அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம், எங்கம்மாதான் இன்னும் வரலயே தாத்தா என்றாள்.

இந்தப் பேச்சை எங்கே பிடித்தாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கார்த்திகையில் ஒரு நாள் வீடியோவில், கப்பலில் நீங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற கிளப்பைச் சுற்றிக் காட்டினாயே, வண்ண நாற்காலி, பந்துக் குளம், குட்டிக் குட்டிச் செருப்பு வைக்கிற அலமாரி. அங்கே வருகிற குழந்தைக்குக் கையில் பேண்ட் கட்டுவோம், அவங்கம்மா ஊர் சுற்றிவிட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்து ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் குழந்தையைக் கொடுப்போம், கொடுத்துவிட்டு பேண்டை அவிழ்த்துவிடுவோம், வார்த்தை சொல்லாவிட்டால் ராஜாவே வந்தாலும் கொடுக்க மாட்டோம் என்று விளையாட்டாகத்தான் சொன்னாய். நாங்களும் சிரித்தோம். குழந்தை சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். குழந்தைகளைத் தூக்கக் கூடாது, முத்தம் கொடுக்கக் கூடாது, மண்டி போட்டுத்தான் பேச வேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பதாகச் சொன்னாய் அல்லவா, அதையும் பிடித்துக்கொண்டாள். தலை வாரும்போதெல்லாம் கேட்கிறாள், அப்ப அந்தப் பாப்பாங்களுக்கு எங்கம்மா முத்தம் குடுக்காதா ஆயா என்று. குடுக்காது கண்ணு, ஒனக்குன்னு சேத்து வெச்சிருக்குது என்று உன் அம்மா சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள்.

காப்பு இன்னும் கையில்தான் இருக்கிறது. காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும், உன் அம்மா அதில் இம்மி விட மாட்டாள். பாப்பாவின் பள்ளிக்கூடமோ எல்லைக்கு அந்தப் பக்கம் அதியமான்கோட்டை ரோட்டில். வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, இப்போது அதுவும் நிற்பதில்லை. ஜானகியம்மாள் டீச்சர் போன் பண்ணி, பரீட்சைக்காவது அனுப்புங்க சார் என்றார், நான் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். இவ்வளவுக்கும் மாரியப்பன் பூசாரி நல்ல மனுஷன். வீட்டுக்கே வந்து பாப்பா கையைப் பார்த்துவிட்டு, கொழந்த கட்டுன காப்புக்கு ஆத்தா ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க, அவங்கம்மா வந்தே அவுக்கட்டும், வுடுங்க, பள்ளிக்கூடத்துக்கும் தாராளமா அனுப்புங்க என்று சொன்னார். உன் அம்மா கேட்டால்தானே. அம்மை வந்து பிழைத்த குழந்தை, எல்லை தாண்டி ஏதாவது ஆகிவிட்டால் கோகிலாவுக்கு யார் பதில் சொல்வது என்று ஒரே பிடிவாதம். ஒரு நாள் மதியம் பாப்பா அசந்து தூங்கும்போது கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளே பக்கத்தில் உட்கார்ந்தாள். தூக்கத்திலும் அந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு படுத்திருந்தது குழந்தை. கத்தரிக்கோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, என்னால முடியலங்க என்றாள். என்னாலும் முடியவில்லை. குளிக்கும்போது நூல் நனையாமல் இருக்க ஒரு பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு விடுகிறோம். மஞ்சள் துண்டு சுருங்கிக் கறுத்துவிட்டது, நூல் நைந்து இற்றுப் போகும் நிலையில் இருக்கிறது. அது தானாக அறுந்து விழுந்துவிட்டால் இவளை என்ன சொல்லித் தேற்றுவது என்றுதான் எனக்கு இப்போது பயம். நெஞ்சு வலிக்கிறது கண்ணு, டாக்டரிடம் போகிற வலி இல்லை.

போன வாரம் போனில் சொன்னாய், மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு உன்னையே பொறுப்பாளராகப் போடுகிறார்கள், ஆனால் வைகாசியில் ஊருக்கு வராமல் அப்படியே அடுத்த ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று. என்னப்பா செய்யட்டும் என்று கேட்டாய். உன் இஷ்டம் கண்ணு என்றேன். அது என் பதில் இல்லை, மடியில் பாப்பா இருந்தாள், அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன். உன் வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. மொழி தெரியாத குழந்தை அழுதால் அதன் அருகில் மண்டி போட்டு உட்கார்ந்து, அது ஓயும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாய் என்று சிவக்குமார் தம்பி சொன்னார், அவர் சிநேகிதர் ஒருவர் அங்கே பார்த்தாராம். கேட்கும்போது பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுகையாகவும் இருந்தது. அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் மேல்மாடியில்தான் இருக்கிறார்கள், சாப்பிட்டு முடித்து இறங்கி வந்துவிடுவார்கள். நம் பாப்பா பேண்டைக் கட்டிக்கொண்டு ஊர் எல்லைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும் வரைக்கும் கிளப்பைப் பூட்ட மாட்டோம் என்று நீதான் சொன்னாய், அவள் அதைத்தான் நம்பியிருக்கிறாள். கையெழுத்துப் போடாதே, வந்துவிடு. எனக்குக் கேட்கத் தெரிந்தது இவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஏசிக் காற்றில் தலை ஈரத்தோடு நிற்காதே, யாரோடும் சண்டை வேண்டாம். நம் மாரியம்மன் உனக்குத் துணை இருப்பாள், குரு மாப்பிள்ளையும் எங்கிருந்தாலும் உன்னைப் பார்த்துக்கொள்வார், உனக்கு ஒரு குறையும் வராது.

மறக்காமல் ஒன்று. அன்றைக்கு வீடியோவில் நீ கிளப்பைக் காட்டி முடித்ததும், பாப்பா எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனை வாயோடு வைத்து உனக்கு ஒரு ரகசிய வார்த்தை சொன்னாள். அம்மாவே வந்தாலும் அதச் சொன்னாத்தான் அவுக்க வுடுவேன், சும்மா மூஞ்சியக் காட்டுனா ஆகாது என்கிறாள். நாங்கள் நாய்க்குட்டி பெயரிலிருந்து குருவின் பெயர் வரைக்கும் சொல்லிப் பார்த்துவிட்டோம், எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அம்மாவுக்குத் தெரியும் என்று மட்டும் சொல்கிறாள். ஆனால் அன்றைக்கு இங்கே நல்ல மழை, டவர் சரியாக இல்லை, நாங்கள் வெளியே வரும்போதே திரையில் உன் முகம் பாதிச் சிரிப்பில் அசையாமல் நின்றுவிட்டது. அவளுக்கு அது தெரியாது, அம்மா சிரிக்கிறாள் என்று நினைத்துச் சொல்லி முடித்திருக்கிறாள். அந்த வார்த்தை உன் காதில் விழுந்ததா கோகிலா? விழவில்லை என்றால் போனில் அவளிடம் கேட்டுவிடாதே. வார்த்தை தெரியாமலே வா. வாசலில் உன் பக்கத்தில் நான் நிற்கிறேன், இவள்தான் உன் அம்மா என்று பாப்பாவிடம் நான் சாட்சி சொல்கிறேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
கோவிந்தன்