தலைவர் மூட்டை கடைசியில்

12 ஏப்ரல் 1999, திங்கள்

நேற்றோடு தலைவர் பதவியை விட்டேன். எங்கள் மல்லிகை விவசாயிகள் சங்கத்தைக் குட்டிக் குடியரசு என்று கேலி செய்தவர்களே இன்னொரு தடவை இருக்கச் சொன்னார்கள். ஒருவர் ஒரு தடவைதான் என்று விதி எழுதியவனே நான். முடியாது என்றேன். ரோசம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்று காலை நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போகும் வேனில் பூ ஏற்றினோம். தலைவர் மூட்டை கடைசியில்தான் ஏற வேண்டும். அதுவும் என் விதி. தன் பூ ஏறிவிட்டால் எந்தத் தலைவருக்கும் அடுத்தவர் பூ கண்ணில் படாது. இன்று பூ அதிகம். ரோசம்மாவின் மூட்டைக்கு இடமில்லை. எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று.

"என் மூட்டைய எறக்கிட்டு ஒன்னோடத ஏத்து, தங்கச்சி. நான் பஸ்ல வாரேன்."

"விதி எழுதுனதே நீங்கதாண்ணே. மொத நாளே எனக்காக மாத்துனா, நாளைக்கு அத யாரு மதிப்பா?"

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அவள் சந்தைக்கு வருவதற்குள் மொட்டு விரிந்து விலை இறங்கிவிட்டது. அவள் முகம் வாடவில்லை.

"நாளையிலருந்து பெரிய வேன் வரும்ணே. பேசிட்டேன்," என்றாள்.

இது எனக்கு ஏன் ஒரு நாளும் தோன்றவில்லை? போகட்டும். சங்கம் நிற்கும், சந்தேகமில்லை.

சந்தையில் என் மூட்டையைத் தேடித்தான் எடுத்தேன். எப்போதும் வேன் கதவோரத்தில் இருக்கும். இன்று எல்லோருடைய மூட்டைக்கும் நடுவில் கிடந்தது.