ஒன்றுமில்லை என்று சொன்ன வாய்

பெரியநாயகி மாதா காவல்

ஆவூர்,
8 ஜூலை 1963

என் செல்லப் பேத்தி செசிலிக்கு அப்பத்தா இன்னாசியம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அம்மா எல்லாரும் சுகம். மதராஸ் கன்னியர் விடுதியில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? எலும்பும் தோலுமாக நீ நின்றதே நினைவாக இருக்கிறது.

முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணன் இன்னாசிக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சித்தப்பா மகள் டீச்சர் டிரெயினிங் பாஸ். உன் தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. கடைக்குட்டி பூசைக்கு உதவும்போது லத்தீன் பதிலை ஒரு எழுத்து விழுங்காமல் சொல்கிறான் என்று சாமியாரே மெச்சினார். எல்லாருக்கும் மேலே நீ. பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, அமெரிக்காவில் ஒரு காலேஜ் சம்பளமே வேண்டாம், வந்து படி என்று கூப்பிட்டிருக்கிறது. இதை நான் யாரிடமும் வலியப் போய்ச் சொல்வதில்லை. கேட்டால்தான் சொல்வேன். கேட்காதவர்களிடம், அவர்கள் கேட்கும் மட்டும் பேச்சை விடமாட்டேன்.

இனி உன் காகித விஷயம். சம்பளம் இல்லாவிட்டாலும், அங்கே சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் உன் வீட்டில் வசதி உண்டா என்று நீ விசாவுக்குப் போன மதராஸ் அமெரிக்கா ஆபீசில் கேட்கிறார்கள், அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சொத்துக் காகிதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு அங்கேயே குழப்பம். நீ திருச்சியில் சேர்ந்தபோது, சம்பளச் சலுகைக்காக நாம் வருமானம் குறைந்தவர்கள் என்று இதே தாசில்தார் ஆபீசில்தான் காகிதம் வாங்கினோம். இப்போது வசதியானவர்கள் என்று வாங்க வேண்டுமாம். நடுவில் நமக்கு என்ன புதையலா கிடைத்தது? நாம் இருப்பவர்களா இல்லாதவர்களா என்று கணக்குப்பிள்ளை பெரியண்ணனைக் கேட்டேன். அது எந்த ஆபீசில் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது ஆயா என்கிறார்.

போன மாதக் கடைசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தலையாரி ஓடிவந்து சொன்னான். உன் அப்பா பள்ளிக்கூடத்தில். உன் அம்மா வயலில். இன்ஸ்பெக்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் என் கை கால் தானாக வேலை செய்தது. நெற்குதிரை மூடி மேலே கிழிந்த சாக்கைப் போட்டேன். மாடுகளை ஏரிப்பக்கம் ஓட்டச் சொன்னேன். காதுத் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெள்ளித் தம்ளரை உள்ளே வைத்துவிட்டு நசுங்கிய அலுமினியத்தில் மோர் கொடுத்தேன். மழை பொய்த்த வருஷமெல்லாம் தீர்வை தள்ளுபடிக்கு நம் வீட்டில், ஏன் இந்த ஊரிலேயே, இப்படித்தானே செய்வோம்! கிணறு அடிமண் தெரிகிறது, தென்னையை வண்டு தின்றுவிட்டது, வாத்தியார் சம்பளம் அரிசிக்கே எட்டவில்லை என்று மூக்கைச் சிந்தினேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கவலைப்படாதீங்க ஆத்தா என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் உன் அப்பா வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் வந்தது உன் காகிதத்துக்கு. ஒன்றுமில்லாத வீடு என்று எழுதிப்போய்விட்டார். உன் அப்பா மெதுவாகக் கேட்டான்: ஆத்தா, அவர் எதுக்கு வாரார்னு காலையில் சொல்லிவிட்டுத்தானே போனேன், நீ தெரியாமல் சொன்னியா, தெரிந்து சொன்னியா என்று.

செசிலி, நான் என்ன பதில் சொல்வேன்? அவன் சொன்னது கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. காகிதம் கெட்டால் நீ போகமாட்டாய் என்று என் உள்ளே யாராவது நினைத்தார்களா? மாதா சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டேன். தெரியாத பாவத்துக்கு மன்னிப்பு உண்டு, முதலில் போய் அதைச் சரிசெய்யுங்கள் என்றார்.

மறுநாளே உன் அப்பாவோடு கீரனூருக்கு பஸ் ஏறினேன். கழுத்திலும் காதிலும் இருந்ததோடு, உன் அம்மா சங்கிலியையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். தாசில்தார் முன்னால் நின்று, ஐயா, நான் சொன்னதெல்லாம் பொய், எங்களுக்குச் சொத்து இருக்கிறது என்று உரக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கினார்கள். இந்த ஆபீசுக்கு வந்து இப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கதான் என்று தாசில்தார் சிரித்தார். நகையைப் பார்த்து எழுத முடியாது, நிலத்தைப் பார்த்துத்தான் எழுத முடியும், திரும்ப ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒரு குமாஸ்தா மட்டும், பழைய சலுகைக் காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார். தாசில்தார், வருமானம் வேறு, சொத்து மதிப்பு வேறு, ரெண்டும் சரிதான் என்று விளக்கினார். அங்கே நிற்கும்போது நன்றாகப் புரிந்தது. பஸ் ஏறினதும் மறந்துவிட்டது.

அதே இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வெள்ளித் தம்ளர். கிணற்றுப் படியில் இறக்கித் தண்ணீரைக் காட்டினேன். போன வாரம் அடிமண் தெரிந்ததே ஆத்தா என்றார். மாதா கிருபை என்றேன். தென்னையை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினேன். ஐம்பது வருஷமாக ஒளித்த வாய், இருக்கிறது இருக்கிறது என்று சொல்லச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

காகிதம் முந்தாநாள் வந்தது. வட்ட முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ரெஜிஸ்தர் தபாலில் நானே என் கையால் போடுகிறேன். நானே போட்டேன் என்று உன் அப்பாவுக்கு நீ எழுது, அன்று அவன் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இதைக் காட்டினால் அமெரிக்காக்காரர்கள் கிணற்றடி நிலத்தைப் பிடித்துக்கொள்வார்களா என்று கோயில் வாசலில் ஒருத்தி கேட்டாள். பிடிக்கமாட்டார்கள் என்கிறான் உன் அப்பா. எதற்கும் நீ ஒரு வார்த்தை கேட்டுக்கொள். பிடித்தாலும் நீ போய் வா.

கப்பலோ விமானமோ, எதில் ஏறினாலும் சிலுவை போட்டுக்கொண்டு ஏறு. போகிற இடத்தில் இரக்கமுள்ளவர்கள் உன்னைச் சுற்றி இருக்கட்டும். வருஷம் எத்தனை என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதாதே.

புதிதாக ஒரு போட்டோ எடுத்து உடனே தபாலில் அனுப்பு. பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததை அனுப்பாதே, அதில் யாரோ திட்டின மாதிரி இருக்கிறாய். சிரித்துக்கொண்டு, முகம் பெரிதாக விழும்படி எடு. தூரத்தில் இருப்பது எனக்கு இப்போதெல்லாம் சரியாகத் தெரிவதில்லை.

இப்படிக்கு, உன்னை ஏந்தி வளர்த்த
அப்பத்தா இன்னாசியம்மாள்