கவனயீர்ப்புக்கு டொச்சில் என்ன?

ஆகஸ்ட் 4, 2025. திங்கள்

முதியோர் இல்லத்துச் சலவை அறையில் காலை வேலை. நாற்பது படுக்கை விரிப்பு. மத்தியானம் சங்கத்துப் பத்மநாதன் அண்ணை தொலைபேசி எடுத்தார். காணாமல் போனோருக்காக முப்பதாம் திகதி தலைநகர் பேர்னில் கவனயீர்ப்பு. இந்த முறை டொச்சிலும், அதுதான் ஜேர்மன் மொழியிலும், துண்டுப்பிரசுரம் வேண்டுமாம்.

“நீங்கள்தான் எழுதித் தரவேணும், தங்கச்சி. கவனயீர்ப்பு எண்டா என்ன எண்டு வெள்ளையளுக்கு விளங்கவேணும்.”

ஓம் என்றேன். எதற்குத்தான் நான் ஓம் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 7

அகராதியில் பார்த்தேன். ஆர்ப்பாட்டம் இருக்கிறது, கண்டனம் இருக்கிறது, விளம்பரம் இருக்கிறது. ஓல்டனில் இருக்கும் கோசலா அக்காவிடம் கேட்டேன். மகனின் படத்தோடு வருடாவருடம் என் பக்கத்தில் நிற்பவர்.

“ஏதாவது ஒண்டைப் போடும். எல்லாம் ஒண்டுதானே.”

ஒன்றில்லை. நாங்கள் ஆர்ப்பரிப்பதில்லை, படத்தை ஏந்திக்கொண்டு சும்மா நிற்கிறோம். விளம்பரம் சவர்க்காரத்துக்குச் செய்வது. இது கவனத்தை இழுப்பது. யாருடைய கவனத்தை? எத்தனையோ வருடமாக இழுக்கிறோம், சனம் ஐஸ்கிரீமும் கையுமாகப் போகிறது. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

ஆகஸ்ட் 8

எழுதவில்லை.

ஆகஸ்ட் 12

எழுதிவிட்டேன். சரியான சொல் அகப்படவில்லை, நடந்ததையே எழுதினேன். ‘எங்களைப் பாருங்கள் என்று கேட்டு நிற்கிறோம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது என் கணவர் கிளமென்ற் இராணுவம் பெயர் பதியும் வரிசையில் போனார். திரும்பி வரவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.’

கடைக்குச் சாமான் எழுதுவதுபோல இருந்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14

பிழை திருத்த ரோஸ்மரியை விட்டால் எனக்கு யார்? பதினோரு வருடமாக விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்கிறாள், மறுமுனையை நான்.

தாளைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணவர் எங்கே என்று கேட்டாள். இலங்கையில் என்றேன். பொய்யென்றும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவருக்கென்று ஒரு பெட்டி சொக்கிலேற் தருகிறாள். அனுப்பிவிட்டேன் என்பேன். தின்றது நான்.

உலகத்தின் கவனம் வேண்டுமென்று தெருவில் போய் நிற்கிறேன், பக்கத்தில் நிற்கிறவளிடம் வாய் திறக்கவில்லை. என்ன மனுசியடி நீ, பெர்னடெற்?

ஆகஸ்ட் 15

தாள் திரும்பி வந்தது. பென்சிலால் ஏழு திருத்தம். ரோஸ்மரி ஒன்றும் கதைக்கவில்லை.

ஆகஸ்ட் 18

இன்றும் இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறாள் போல. நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 30

நின்றோம். மழை. முப்பது பேர் வரும். பிரசுரத்தைச் சிலர் வாங்கினார்கள், ஒரு பெண் நின்று முழுவதும் வாசித்தாள்.

“நல்ல கவனயீர்ப்பு, தங்கச்சி. படங்களும் வடிவா வந்திருக்கு” என்றார் பத்மநாதன் அண்ணை.

கால் விறைத்தது. வேறொன்றும் தோன்றவில்லை. ரோஸ்மரி வரவில்லை. வருவாள் என்று பார்த்தேனா? ஓம். பார்த்தேன்.

செப்டெம்பர் 1, திங்கள்

பத்து மணி இருக்கும். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். ரோஸ்மரி திடீரென்று கேட்டாள்: “கிளமென்ற் குறட்டை விடுவாரா?”

“என்ன?” என்றேன்.

“என்ன கேட்பதென்று தெரியாமல் இரண்டு கிழமையாக யோசித்தேன்” என்றாள்.

எத்தனை பேர் என்னிடம் விபரம் எடுத்திருப்பார்கள்! திகதி, இடம், அடையாள அட்டை இலக்கம், உடுத்திருந்த சட்டையின் நிறம். இதை ஒருவரும் கேட்டதில்லை.

“பயங்கரமாக. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டுவார்” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. துணிக் குவியலின் மேலேயே இருந்துவிட்டேன். ஐயோ, எங்கே கிடந்தது இவ்வளவு அழுகையும்?

ரோஸ்மரி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். நான் மூக்கைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“வேறு என்ன செய்வார்?” என்று கேட்டாள்.