ஓட்டுப் பாசியும் உன் மூங்கில் குச்சியும்

மாப்பிள்ளை,

எத்தனை முறை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கையை விட்டு ப்ளீச்சிங் பவுடர் வாசனை போக மாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் அந்த வாசனை, அப்புறம்தான் ரசம். உனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நம் இரண்டு பேர் கையும் இப்படித்தான் நாறும். மல்லிகா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நமக்குப் பரிமாறுவாள். இந்த வருஷம் என் கை மட்டும்தான் நாறுகிறது. உன் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு நான் கூரை ஏறினேன்.

ஆமாம், நானேதான். சிரிக்காதே. சுரங்கத்துக்குள் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் கூண்டில் நின்று வெற்றிலை மென்றபடி இறங்கிய நான், ஏணியில் நாலு படி ஏறினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீ. "மச்சான், நீ தலைகீழா பொறந்திருக்கணும். பூமி மேல கீற வேலை உனக்கு ஒத்து வராது" என்பாய். அதனால்தான் நீ எப்போதும் மேலே, நான் எப்போதும் கீழே.

ஒரே ஷிஃப்டில் வேலை செய்த நண்பன் என் தங்கை மல்லிகாவைக் கட்டிக்கொண்டதும், இனி மாப்பிள்ளையை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அம்மா கண்டித்துச் சொன்னாள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஸ்கெலட்டன் தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து லைன் வீடு, நடுவில் ஒற்றைச் சுவர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டுக் கூரை. நீ இருமினால் எனக்குக் கேட்கும். நான் குறட்டை விட்டால் நீ சுவரைத் தட்டுவாய். இதற்கு நடுவில் 'நீங்க'வை எங்கே வைப்பது?

உன் பக்கத்துக் கூரைக்கு மட்டும் ஏன் அவ்வளவு பாசி என்று ஒருநாளாவது யோசித்தாயா? என் பக்கம் வெயில் காயும். உன் பக்கம் வேப்பமரத்தின் பெரிய கிளை குடை பிடித்த மாதிரி படுத்திருக்கும். அதன் நிழலில் ஓடு எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில் பச்சைப் பாசி மெத்தை மாதிரி வளரும். அதற்குப் பக்கத்தில் தேமல் விழுந்தாற்போல வட்ட வட்டமாகச் சாம்பல் நிறக் கல்பாசி. கிளையை வெட்டு என்று நான் சொன்னால் நீ பதறிப்போவாய். ஏனென்றால் அந்தக் கிளையில்தான் உன் கப்பி தொங்கியது. கயிறு, கப்பி, வாளி எல்லாம் கூரையிலிருக்கும் பாசியைக் கழுவத் தண்ணீர் ஏற்றுவதற்காக. பாசியைக் கழுவக் கப்பி வேண்டும், கப்பிக்குக் கிளை வேண்டும், கிளை இருந்தால் பாசி வரும். இந்த வட்டத்துக்குள் நாம் இருவரும் எத்தனை வருஷம் மகிழ்ச்சியாகச் சுற்றி வந்தோம்!

அது கழுவல் இல்லை மாப்பிள்ளை, முழு ஷிஃப்ட். நீ சுரங்கத்து ஷாஃப்டில், ஆளை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணி அடித்து சிக்னல் கொடுத்த ஆள். சுரங்கத்தை மூடின பிறகும் உன் கை சும்மா இருக்கவில்லை. கூரை மேல் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு, பிரஷ்ஷின் மூங்கில் குச்சியைத் திருப்பி ஓட்டில் தட்டுவாய். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் வாளியை இறக்கு. மூன்று என்றால் ஏற்று. கீழே கயிற்றோடு நிற்கும் நான் அதே எண்ணிக்கையை என் பங்குக்கு ட்ரம்மில் தட்டித் திருப்பிச் சொன்ன பிறகுதான் வாளி அசையலாம். சுரங்கத்துச் சட்டம். நான் மறந்து கயிற்றை இழுத்துவிட்டால் நீ மேலிருந்து கத்துவாய்.

"இன்னா மச்சான், திருப்பித் தட்டாம இழுக்குற? கூண்டுல ஆள் இருந்தா இன்னா ஆவும்?"

"வாளியில தண்ணிதான் கீது."

"இன்னிக்குத் தண்ணி. நாளைக்கு?"

மல்லிகா வாசலில் நின்று தலையில் அடித்துக்கொள்வாள். "வாயத் தொறந்து 'இழு'ன்னு சொன்னா ஆவாதா? பத்தடி ஒசரத்துக்கு இன்னாத்துக்கு சிக்னலு?"

"ஷாஃப்டுல கத்துனா யாருக்குக் கேக்கும்?"

"இது ஷாஃப்ட் இல்லங்க, ஊடு!"

அவள் சொன்னதை நாம் காதில் போட்டுக்கொண்டோமா? அடுத்த வாளிக்கு மூன்று தட்டு.

வேலையில் நீ ஒரேயடியாக மோசம் என்று சொல்ல மாட்டேன். ஈரத்தில் பாசியைத் தொடக் கூடாது, காய்ந்திருக்கும்போதே சுரண்டித் தள்ள வேண்டும் என்பதை இரண்டு பேரும் வழுக்கி விழுந்துதான் கற்றோம். பிரஷ்ஷை முகட்டிலிருந்து கீழ்நோக்கித்தான் இழுக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். முதல் வருஷம் நீ கீழிருந்து மேலாகத் தேய்த்ததில் அழுக்குத் தண்ணீர் முழுக்க ஓட்டு இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, மல்லிகா காயவைத்து எடுத்துவைத்திருந்த வடகத்தின் மேல் விழுந்தது. அன்று நீ என் வீட்டில் சாப்பிட்டாய். ப்ளீச்சிங் பவுடரைக் கெட்டியாகக் கரைத்து அவளுடைய கனகாம்பரத்தைக் கருக்கியபோதும் என் வீட்டில்தான் சாப்பிட்டாய். அதற்கப்புறம் நீர்க்கக் கரைத்தோம். செடிக்கும் மழைத்தண்ணீர் ட்ரம்முக்கும் மூடி போட்டோம்.

சுரண்டியெடுத்த கல்பாசியை ஒரு கை அள்ளிக்கொண்டு நீ அடுப்படிக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் நினைவிருக்கிறது. "இத கடையில காசு குடுத்து வாங்குற. நம்ம கூரையிலயே வெளையுது பார். பிரியாணில போடு." மல்லிகா அதை முகர்ந்து பார்த்தாள். "ஓட்டுல கீற அழுக்கப் போட்டா அது பிரியாணியா? போங்க அந்தாண்ட" என்று கரண்டியை ஓங்கினாள். நீ சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். உன் சிரிப்பு இப்போது எழுதும்போதுகூடக் கேட்கிறது. கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

செம்புக் கம்பி மட்டும் உன் வெற்றி. பங்காருபேட்டை பழைய இரும்புக் கடையில் வாங்கி வந்து முகட்டு ஓட்டின் ஓரமாக நீளவாக்கில் கட்டினாய். அதன் மேல் பட்டு வழியும் மழைத்தண்ணீர் போகிற தடத்தில் பாசி பிடிக்காது என்று யாரோ ரயிலில் சொன்னார்களாம். நான் கேலி செய்தேன். ஆனால் கம்பிக்குக் கீழே ஓடு வருஷம் முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. கம்பி பற்றாமல் போன வேப்பமரத்துப் பக்கத்தில்தான் பாசி. மீதிக் கம்பியை அடுத்த வருஷம் வாங்குவோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னாய்.

அந்தப் பக்கத்தில்தானே ஒழுகலும்! மல்லிகாவின் கட்டிலுக்கு நேர் மேலே. மழை வந்தால் கட்டில் ஓரம் நகரும், அந்த இடத்துக்கு அலுமினியக் குண்டான் வந்து உட்காரும். "பாசி வேர் வுட்டு ஓட்டைத் தொளைக்குது மச்சான்" என்று நீ பாசியைத் திட்டுவாய். நானும் சேர்ந்து திட்டுவேன். அடுத்த வருஷம் இன்னும் மும்முரமாகக் கழுவுவோம். அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக ஒழுகும்.

போன கார்த்திகையில் நெஞ்சு வலிக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு நீயே நடந்து போய் ஆட்டோவில் ஏறினாய். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

உன் பிள்ளை பிரபு மாசிக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பெங்களூரிலிருந்து வந்து அம்மாவைக் கூப்பிட்டான். நல்ல பிள்ளை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது மாடியில் ஃபிளாட், லிஃப்ட், அம்மாவுக்குத் தனி அறை. மல்லிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒழுகுற ஊட்ல தனியா இன்னாம்மா பண்ணுவ? போன மழையில சளி புடிச்சு ஆஸ்பத்திரில படுத்தியே."

அப்போதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். "சரி. இந்த மொத மழைக்கு ஒழுகுச்சுன்னா பொட்டியக் கட்டுறேன். ஒழுகலன்னா இங்கதான் கீறேன். அப்புறம் நீ கேக்கக் கூடாது."

பிரபு ஒப்புக்கொண்டான். ஒழுகாமல் எப்படி இருக்கும் என்ற தைரியம் அவனுக்கு. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை மாப்பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டுத் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். நீ இல்லாத வீட்டுக்கு ஒருமாதிரி பழகிவிட்டேன். ஆளே இல்லாத வீட்டுக்குப் பழக என்னால் ஆகாது. அதனால்தான் ஏறினேன்.

"மாமா, சும்னே எதுக்கு ரிஸ்க்கு? பிரஷர் வாஷர் வாடகைக்குக் கிடைக்குது, நான் கொண்டுவர்றேன்" என்றான் பிரபு, 'சும்மா'வைக் கன்னட வாடையில் சொல்லி. அந்த வேகத்தில் தண்ணீர் அடித்தால் பழைய ஓட்டின் மேல்தோல் உரிந்துவிடும், அப்புறம் பாசி குடும்பத்தோடு வந்து குடியேறும் என்றேன். அதற்குப் பதிலாகக் கிளையை வெட்டித் தரச் சொன்னேன். வெட்டினான். உன் கப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தான்.

மல்லிகா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன் என்று அவள் சொல்வதை நம்பாதே. பாதிக் கண்தான் மூடியிருந்தேன். ஓட்டுக்கு அடியில் அதைத் தாங்கும் ரீப்பர் கட்டை ஓடுகிற இடம் பார்த்துக் காலை வைத்து, நீ உட்காரும் இடத்தில் பலகை போட்டு உட்கார்ந்தேன். காய்ந்த பாசியைச் சுரண்டித் தள்ளினேன். களைத்துப்போய்ப் பிரஷ்ஷை வலது பக்கம் சாய்த்தபோது குச்சியின் முனை ஒரு ஓட்டின் மேல் போய்ச் சரியாக உட்கார்ந்தது. அந்த இடத்தில் ஒரு விரிசல். நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் ஓடிய விரிசல். பக்கத்து ஓட்டிலும் ஒன்று. அதற்குப் பக்கத்திலும். குச்சியின் முனையைத் திருப்பிப் பார்த்தேன். தட்டித் தட்டி நார் நாராக விரிந்து பூசணிப் பூ மாதிரி இருந்தது.

"மல்லி, உள்ள போய் மேல பாரு" என்று அந்த ஓட்டைத் தூக்கினேன்.

"கட்டிலுக்கு நேரா மேலண்ணா!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "உன் மூக்கு தெரியுது."

இறங்கி வந்து குச்சியையும் ஓட்டையும் அவள் முன்னால் வைத்தேன். பாசி தொளைக்கவில்லை, உன் புருஷன் சிக்னல் கொடுத்தே தொளைத்துவிட்டான், நான் திருப்பித் தட்டித் தட்டி ஊக்கம் கொடுத்தேன் என்றேன். அவள் அந்த விரிசலை விரலால் தடவினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்ய, இத்தினி வருசமா பாவம் அந்தப் பாசியத் திட்டினேனே! இந்த மனுசனத்தான திட்டியிருக்கணும்" என்றாள்.

விரிசல் விட்ட ஓடுகளை மாற்றினேன். நீர்க்கக் கரைத்த ப்ளீச்சிங் பவுடரைத் தெளித்து, ஊற விட்டு, மேலிருந்து கீழாகத் தேய்த்துக் கழுவினேன். உன் அடுத்த வருஷத்துக் கம்பியையும் வாங்கி வேப்பமரத்துப் பக்கம் கடைசிவரை கட்டிவிட்டேன். தண்ணீர் வேண்டும்போதெல்லாம் வாயைத் திறந்து "தண்ணி" என்றுதான் கேட்டேன். மல்லிகாவுக்குப் பரம திருப்தி.

நேற்று மத்தியானம் வந்தது மழை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுப் பக்கம் வானம் கறுத்து, ஊரையே அமுக்குகிற மழை. ஞாயிற்றுக்கிழமையாதலால் பிரபுவும் இருந்தான். மல்லிகா பழக்க தோஷத்தில் கட்டிலை நகர்த்திக் குண்டானை வைத்துவிட்டாள். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். கூரை மேல் மழை விழும் சத்தம், குண்டானுக்குள் சத்தமே இல்லை. மழை ஓய்ந்து இறவாரத்தில் சொட்டு நின்ற பிறகு பிரபு குனிந்து குண்டானுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தான். காய்ந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான், பாவம்.

"சரிம்மா, ஒழுகல. ஒத்துக்கிறேன். இருந்தாலும் ஒரு மாசம் மட்டும் வந்து..."

மல்லிகா எழுந்தாள். அடுப்படிக்குப் போய்க் கரண்டியை எடுத்து வந்தாள். குண்டானின் விளிம்பில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

'நில்' என்ற சிக்னல் பிரபுவுக்கு எங்கே புரியும்? அவன் என்னைப் பார்த்தான். நான் மூலையில் சாய்த்து வைத்திருந்த உன் மூங்கில் குச்சியை எடுத்து, சட்டப்படி, ஒரு தட்டு திருப்பித் தட்டினேன். கவலைப்படாதே, தரையில்தான்.