சித்தியை மறந்த நிரூபணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாதே.

எங்கள் கணிதத் துறையில் எல்லார் முன்னாலும் என் ஆராய்ச்சியை விளக்கினேன். ஓர் உறவோடு இன்னோர் உறவைச் சேர்த்தால் என்ன உறவு வரும் என்பதுதான் அது. அப்படிச் சேரும் உறவுக் கூட்டத்துக்கு அரைக்குலம் என்று பெயர், சிரிக்காதே. அண்ணனின் அம்மா, அம்மாதான். அம்மாவின் அண்ணனோ மாமா. வரிசை மாறினால் ஆளே மாறிவிடுகிறார் என்றதும் தலையாட்டினார்கள். அந்தத் தெம்பில், போன வழியே திரும்பினால் கிளம்பிய ஆளிடமே வந்து சேரலாம் என்று பலகையில் எழுதிவிட்டேன். அம்மாவின் அண்ணன் மாமா, மாமாவின் தங்கை அம்மா.

"ஏம்மா, உங்கம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கச்சி யாரும் கிடையாதா?" என்றார் பேராசிரியை.

மாமாவின் தங்கை சித்தியாகவும் இருக்கலாமே, அவளைச் சுத்தமாக மறந்திருந்தேன்! நிரூபணம் அங்கேயே படுத்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு, திரும்பும் வழியில் பல பேர் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டு புதிதாக எழுதினேன். முன்பைவிட நல்ல தேற்றம் கிடைத்தது. "இப்பதான் சரியா வந்திருக்கு, அச்சுக்கு அனுப்பிடு" என்றார் பேராசிரியை. சித்தி கோபித்தால் நீதான் சமாளிக்க வேண்டும்.

போர்வை அனுப்பாதே, இருக்கிறது. ஒன்று மட்டும், போனில் பேசும்போது டிவியை அணைக்க வேண்டாம். வீட்டுச் சத்தமெல்லாம், அப்பா தும்முவதும்கூட, எனக்குக் கேட்கட்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்