அறிக்கையில் இருந்த குல்லா

நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் பிரியமானவருக்கு,

மலாயா சுதந்திரம் அடைந்து மூன்று மாதமாகிறது. கொண்டாட்டத்துக்கு விளக்குச் சரம் கட்டும்போதுதானே ஏணியிலிருந்து விழுந்தீர்கள்? அந்த விளக்குகள் அன்று எரிந்தனவாம். நான் பார்க்கப் போகவில்லை. ஆனால் நான் எழுத வந்தது வேறு. உங்களைச் சந்தேகப்பட்டேன்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்தது. எல்லாம் ஆங்கிலம். ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுக் கிராணி படித்துச் சொன்னார். விலா எலும்பு, நுரையீரல் என்று வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"'ஸ்கல் கேப்'பைக் கழட்டினாங்களாம். அப்படின்னா குல்லா, தங்கச்சி. உங்க வீட்டுக்காரர் குல்லா போடுவாரா?"

நீங்களா? வெயிலுக்குக்கூடத் துண்டு கட்டாதவர் நீங்கள். மசூதிக்குத் தொழப் போகிறவர்கள் போடும் குல்லா உங்கள் தலைக்கு எப்படி வந்தது? யார் கொடுத்தது? வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வருவீர்களே, அது நினைவுக்கு வந்தது. எங்கோ வேறொரு வீடு, வேறொரு பெயர் உங்களுக்கு இருந்ததோ? இந்தக் காஜா பேராங் வட்டாரத்தில் நம் வீட்டுக்கு வந்தவர் பாதி மனிதர்தானோ?

டிரங்குப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். ஒன்றும் இல்லை. நன்றாக மறைத்திருக்கிறீர்கள் என்றுதான் அதற்கும் நினைத்தேன். சுவரிலிருந்த உங்கள் படத்தைக் கழற்றிப் பாயின் அடியில் வைத்தேன். மாதத் திதியும் கொடுக்கவில்லை.

பிறகு உங்களோடு வேலை செய்த டோலாவின் வீட்டுக்குப் போய் நேராகவே கேட்டேன். என்னை அக்கா முறையில் 'காக்' என்றே அழைப்பவர், மலாயில் நிதானமாகச் சொன்னார்: "தொப்பியா? இல்லையே, காக். வெள்ளிக்கிழமை நான் தொழுதுட்டு வர்ற வரைக்கும் மசூதிக்கு வெளிய நிப்பார். ரெண்டு பேருக்கும் சைக்கிள் ஒண்ணுதானே?"

நான் நம்பவில்லை. "எல்லாரும் சேர்ந்து மறைக்கிறீங்க" என்று அவர் மனைவி முன்னாலேயே கத்திவிட்டு வந்தேன். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதையும் குற்றத்தின் அடையாளமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நேற்று அறிக்கையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். "அவர் தலையிலிருந்து கழட்டின குல்லாவைக் கொடுங்க" என்றேன். ஒரு தமிழ் நர்ஸ் மிஸ்ஸி தாளை வாங்கிப் படித்தாள். படித்து முடித்ததும் என்னை பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"அக்கா, இது குல்லா இல்ல. மண்டையோட்டோட மேல்பாகம். அந்த எலும்புக்கு டாக்டருங்க வெச்சிருக்கிற பேரு. மூளையில அடி பட்டிருக்கான்னு பாக்கணும்னா அதைத்தான் அறுத்து எடுப்பாங்க."

  ஒன்றுதான் கேட்டேன்.

"திரும்ப வெச்சாங்களா?"

"வெச்சுத் தெச்சுத்தான் குடுத்தாங்க, அக்கா."

உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உங்கள் தலையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டியிருந்தது. அவிழ்க்கப் போன என் கையை உங்கள் தம்பி பிடித்துக்கொண்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை. உங்கள் எலும்பை அறுத்திருக்கிறார்கள். நான் அதைக் குல்லா என்று நினைத்து ஒரு மாதம் உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். உங்களுக்கு வலித்ததா?

வரும் அமாவாசைக்குத் திதி கொடுத்துவிடுவேன். அதற்கு முன்னால், நாளைக் காலையில் டோலா வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி முன்னால் கத்தினேன், அவள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்பேன். கதவைத் திறக்காவிட்டால் திறக்கும்வரை வாசலில் நிற்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்களை முழுசாக நம்பத் தாமதித்த உங்கள் மனைவி
தனலெட்சுமி