ஃப்ரீஸரில் நீ ஒளித்து வைத்த டம்ளர்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நம் பழைய ஃப்ரிட்ஜின் ஃப்ரீஸர் கதவு மூட மாட்டேன் என்று அடம் பிடித்தது. நீ போன இந்த ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைச் சுத்தம் செய்யவில்லை. பனி ஒரு சாண் கனத்துக்கு வளர்ந்து கிடந்தது. ஸ்விட்சை அணைத்து, கீழே பழைய துண்டுகளைப் பரப்பி, கரையட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோரு மணிக்கு வந்து பார்த்தால் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் நிற்கிறது. பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால், நான் கை விடவே விடாத மூலையில். அதன் வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடி ரப்பர் பாண்டு போட்டிருந்தாய். உள்ளே பாதி டம்ளர் ஐஸ், அதில் குத்தியபடி ஒரு ஸ்பூன்.

"அடிப்பாவி" என்றுதான் முதலில் வாயில் வந்தது. பிறகு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐஸ் தட்டை உன் கையிலிருந்து பிடுங்கிப் பரண் மேல் போட்டேனே, அதற்குப் பிறகு நீ செய்த வேலை இது. ஐஸ் தின்பதை நீ விட்டுவிட்டாய், நான்தான் விடவைத்தேன் என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன்! நீ விடவே இல்லை. எனக்குத் தெரியாமல் தின்றிருக்கிறாய்.

நாம் பழகியதே தின்பண்டத்தால்தான். ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டி. மான்குர்த்தில் அண்ணன் வீட்டிலிருந்து நான் ஏறுவேன், நீ திலக் நகரில் ஏறுவாய். தினமும் முகம் பார்ப்போம், பேசியதில்லை. ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெரிய பாக்கெட் காரச்சேவை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வேறு. டிபன் டப்பாவைக் கழுவி வைக்கக் கூடாதா என்று அண்ணி கேட்டிருந்தாள், அவ்வளவுதான் விஷயம். நீ எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கா, மூணு நாளா?"

"எதுக்கு?"

"வரப்போறதுக்கு. எனக்கும் நாளன்னிக்குத்தான். அந்தப் பாக்கெட்டை இந்தண்டை நீட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரிவள், மாட்டுங்கா பிராமண பாஷை பேசிக்கொண்டு என் மூன்று நாளைப் பற்றி விசாரிக்கிறவள்! ஆனாலும் நீட்டினேன். நீ ஒரு பிடி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மடித்து உன் பையில் போட்டுக்கொண்டாய். "மஸ்ஜித்ல இறங்கறச்சே தரேன். அதுக்கு மேலேயும் வேணும்னா தின்னு" என்றாய். மஸ்ஜித் ஸ்டேஷன் வந்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதமும் நீயே வாங்கி வைத்துக்கொண்டாய். இரண்டு வருஷம் கழித்து அண்ணன் பிள்ளைகள் வளர்ந்து எனக்குப் படுக்க இடமில்லாமல் போனபோது, "எங்கிட்ட ஒரு ரூம் சும்மாத்தானே கெடக்கறது" என்று நீதான் கூப்பிட்டாய்.

இந்த வீட்டுக்கு நீ போட்ட சட்டம் ஒன்றுதான். சமையலறைக் காலண்டரில், வருவதற்கு முந்தின என் ஐந்து நாளுக்கு நான் கோடு போடுவேன், உன் ஐந்து நாளுக்கு நீ வட்டம் போடுவாய். கோடு விழுந்த நாட்களில் என் காரச்சேவும் சாக்லேட்டும் உன் அலமாரிக்குப் போய்விடும். வட்டம் விழுந்த நாட்களில் உன் நேந்திரங்காய் வறுவல் டப்பா என் அலமாரிக்கு வந்துவிடும். வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால் முதலில் ஒரு கை வறுத்த கடலை, கொஞ்சம் வெல்லம், இல்லையென்றால் ஒரு கிண்ணம் தயிர்சாதம். இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும். அப்புறமும் வேண்டியிருந்தால் ஒரு கிண்ணத்தில் போட்டு, உட்கார்ந்து, நிம்மதியாகத் தின்னலாம். பாக்கெட்டோடு நின்றபடி தின்னக் கூடாது. கொடுக்கிறவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லக் கூடாது.

"வயித்தை ஏமாத்தாதே. கொஞ்சம் ஒத்திப் போடு, போதும்" என்பாய். நான் கோபத்தில் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தால் அதற்குத்தான் திட்டு விழும். "மத்தியானம் பட்டினி கெடந்தா சாயங்காலம் பூதம் மாதிரி திம்பே. அப்பறம் உக்காந்து அழுவே." அந்த நாட்களில் அண்ணிக்கு போன் செய்யவும் எனக்குத் தடை இருந்தது. அதனால் எங்கள் குடும்பத்தில் எத்தனை சண்டை நடக்காமல் போயிற்று என்று அண்ணிக்குத் தெரியாது.

குத்தலாகப் பேசக் கூடாது என்று ஏன் அவ்வளவு கண்டிப்பு என்று ஒரு நாள் கேட்டேன். உன் அம்மா இருந்த காலத்தில் மாட்டுங்கா வீட்டில் அந்த மூன்று நாளும் நீ சமையலறைக்குள் கால் வைக்கக் கூடாது. தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. பசித்தால் உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கேட்கக் கூசிக்கொண்டு, முதல் நாளே ஒரு டப்பா நிறைய வறுவலை எடுத்துக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துவிடுவாயாம். "கேட்டு வாங்கித் திங்கறச்சே ஒருத்தி மூஞ்சியைச் சுளிச்சா, அது தொண்டையிலேயே நின்னுடும், கேட்டியோ" என்றாய். நான் சிரித்தேன். தாராவியில் நான் வளர்ந்த எங்கள் ஒற்றை அறையில் எதை எங்கே ஒளிக்க? மூன்று நாளும் நான்தான் சோறு பொங்குவேன்.

பதினோரு வருஷம் இப்படியே ஓடியது. கொடுப்பதும் வாங்குவதும் கேலியும் சிரிப்புமாக. பெற்றவளிடம்கூட அவ்வளவு வெட்கமில்லாமல் எனக்கு எதையும் கேட்க வராது.

போன வருஷம் மழை தொடங்கிய சமயத்தில் உனக்கு ஐஸ் ஆசை வந்தது. முதல் மாதம் உன் வட்டத்துக்குள்தான் வந்தது. "வறுவல் வேண்டாம்டீ, ஐஸ் கட்டிதான் வேணும்" என்றாய். இதென்ன புதுசு என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் வட்டத்தைத் தாண்டியது. அதற்கடுத்த மாதம் தினமும். காலையில், ஆபீஸிலிருந்து வந்ததும், டிவி பார்க்கும்போது. கடக் கடக்கென்று நீ கடிக்கிற சத்தத்தில் எனக்குப் பல் கூசும்.

ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் கத்தினேன். "ஏட்டி, காலண்டரப் பாரு. ஒனக்கு இன்னும் பதினாலு நாள் கெடக்கு. அதுக்குள்ள என்ன ஆச வேண்டிக் கெடக்கு? நீ போட்ட சட்டத்த நீயே ஒடைக்கியே, வெக்கமா இல்ல?"

"எனக்கே புரியலைடீ. வாய் தானா கேக்கறது."

"வாயிதானே கேக்கு? வாயக் கெட்டு."

அப்போதுதான் தட்டைப் பிடுங்கினேன். நீ சண்டை போடவில்லை. வெறும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாய். நீ சண்டை போடாததே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திலக் நகர் ஸ்டேஷன் படிக்கட்டில் நீ பாதியில் நின்று மூச்சு வாங்கியது, முட்டி வலி என்று சொன்னது, உதடு வெளுத்தது, பத்து நாள் பன்னிரண்டு நாள் என்று ரத்தம் நிற்காமல் போனது, நாற்பது தாண்டினால் அப்படித்தான் என்று நீயே சொன்னது, எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. நீ ஐஸ் கேட்டபோதெல்லாம் இன்றைக்கு என்ன தேதி என்று மட்டும்தான் பார்த்தேன். ஏன் இப்படிக் கேட்கிறாய் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. உன் அம்மாவின் சமையலறையிலிருந்து நீ தப்பி வந்த இந்த வீட்டில், உன்னை மறுபடியும் டம்ளரை ஒளிக்க வைத்தவள் நான்தான்.

நீ ஆபீஸில் மயங்கி விழுந்தாய் என்று போன் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார்கள். வார்டிலிருந்த சின்ன வயசு லேடி டாக்டர் என்னைப் பார்த்து, "பரஃப் காத்தீ தீ க்யா? கச்சா சாவல்?" என்று கேட்டாள். ஐஸ் தின்பாளா, பச்சரிசி தின்பாளா என்று. எனக்குப் பெருமை வேறு! "தின்னுட்டிருந்தா. நான்தான் நிறுத்தினேன்" என்று ஹிந்தியில் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. ரத்தம் குறைந்தால் சிலருக்கு இப்படி ஆசை வரும் ஆன்ட்டி, அப்போதே கூட்டி வந்திருக்கலாமே என்று மட்டும் சொன்னாள். ரத்தம் ஏற்றிவிட்டு உள்ளே என்ன என்று தேடினார்கள். கர்ப்பப்பையில் கட்டி. அது அங்கேயே நிற்காமல் மற்ற இடங்களுக்கும் போயிருந்தது. அப்புறம் நீ இருந்தது மூன்று மாதம்.

காரியம் முடிந்த அன்று மாட்டுங்காவில் உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உங்களோடதானே இருந்தா. முன்னாடியே ஒண்ணும் தெரியலையா?" நான் அவள் கண்ணைப் பார்த்து, "ஒண்ணுமே தெரியலயே" என்றேன். அந்தப் பொய்யோடுதான் ஒன்பது மாதம் இந்த வீட்டில் இருந்தேன். அவள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு யாருமில்லை என்பதுகூடப் பழகிவிட்டது. அந்த ஐந்து நாள்தான் பழக மாட்டேன் என்கிறது. காரச்சேவை என் அலமாரியிலிருந்து நானே எடுத்து, நின்றபடியே பாக்கெட்டோடு தின்றுவிடுகிறேன். இருபது நிமிஷம் பொறு என்று சொல்ல ஆளில்லை. இப்போதெல்லாம் எது ஐந்து நாள் என்றும் தெரியவில்லை. மூன்று மாதமாக நாள் தப்பித் தப்பி வருகிறது, வந்தால் நிற்பதில்லை. காலண்டரில் கோடு போடுவதை விட்டுவிட்டேன்.

நேற்று அந்த டம்ளரைப் பார்த்த பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. கரைந்த தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். குர்லாவில் மாறி மாட்டுங்கா. உன் தங்கை கதவைத் திறந்து, என்னைப் பார்த்துத் திகைத்து, உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸை, தட்டைப் பிடுங்கியதை, டாக்டர் கேட்டதை, அவளிடம் நான் சொன்ன பொய்யை.

அவள் நாற்காலியை இழுத்துத் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கிட்டயும் சொன்னா" என்றாள். "எப்போப் பாத்தாலும் ஐஸ் திங்கணும்போல இருக்குன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அதெல்லாம் நாள் பாத்து வெக்க உங்காத்துல ஆள் இருக்காளே, அவளைக் கேளுன்னேன். சிரிச்சுண்டே போனை வெச்சுட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நீங்கோ அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கணும். ஒன்பது மாசமா நான் மாத்திரந்தான் தப்புப் பண்ணினேன்னு நெனச்சுண்டு கெடந்தேன்."

என் பயத்தில் அவளையும் தனியாகத் தவிக்க விட்டிருக்கிறேன். காபி சாப்பிடுகிறீர்களா என்றுகூட அவள் கேட்கவில்லை. கேட்காததும் நியாயம்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள். "உங்களுக்கு உடம்பு தேவலையா? வெளுத்துப் போயிருக்கேளே."

"நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஒரு மாடி இறங்கியிருப்பேன். கால் அதற்கு மேல் போகவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூச்சு வாங்க வாங்கத் திரும்ப ஏறிப்போய் பெல்லை அடித்தேன். கதவு திறந்ததும் அழுகையும் வார்த்தையும் சேர்ந்து வந்தன.

"நல்லா இல்ல. மூணு மாசமா நிக்காமப் போவுது. படி ஏற முடியல. டாக்டர்ட்டத் தனியாப் போகப் பயமா இருக்கு. எனக்கு யாருமில்ல."

உன் தங்கை கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் கண்ணும் நிறைந்துவிட்டது. முகம் மட்டும் இளகவில்லை.

"செவ்வாக்கிழமை லீவு போடறேன். பத்து மணிக்குக் கெளம்பி ரெடியா இருங்கோ" என்றாள். பிறகு, "எனக்குக் கோவம் போகலை. ஆனா வரேன்."

நாளைக்குப் போகிறோம். டாக்டர் எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவேன். என்னிடம் யாராவது எதையாவது கேட்டால், இனி முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். உன்னிடமிருந்து நான் இவ்வளவைத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கு நீ கொடுத்த விலை அதிகம், அதிகம்டி.